'ஏர்' கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கான்கிரீட் நவுன். 'டார்க்னெஸ்' தெரியும், ஆனால் அப்ஸ்ட்ராக்ட். எப்படித்தான் பிரிப்பது?

சாக்பீஸ் தூள் கேட்டது:

ஏழாம் வகுப்புக்கு அப்ஸ்ட்ராக்ட் நவுன், கான்கிரீட் நவுன் நடத்த வேண்டும். "கண்ணால் பார்க்கவோ கையால் தொடவோ முடிந்தால் கான்கிரீட், மனதால் மட்டும் உணர முடிந்தால் அப்ஸ்ட்ராக்ட்" என்ற வழக்கமான விளக்கம் 'டேபிள்', 'லவ்' வரைக்கும் ஒழுங்காகப் போகிறது. அதற்குமேல் இடிக்கிறது. பயிற்சித்தாளில் இருக்கும் சொற்கள் இவை:

ஏர், மியூசிக், டைம், ஃபேமிலி, கோஸ்ட், லாஃப்டர், பெயின், டார்க்னெஸ், மனி, யூத், பெயின்டிங், மண்டே, ஸ்மெல், ஸ்கூல்.

'ஏர்' கண்ணுக்குத் தெரியாததால் அப்ஸ்ட்ராக்ட் என்று பிள்ளைகள் போடுகிறார்கள். 'பெயின்' உடம்பில் தெரிகிறதே, அது ஏன் கான்கிரீட் ஆகாது என்று கேட்கிறார்கள். 'மியூசிக்', 'லாஃப்டர்' இரண்டுக்கும் ஒரு கைடு ஒன்று சொல்கிறது, இன்னொரு கைடு வேறு சொல்கிறது.

எனக்கு வேண்டியது: வகுப்பில் படிப்படியாகச் சொல்லித்தர ஒரு முறை, '-நெஸ்', '-மென்ட்' போன்ற விகுதிகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது, கைடுகள் முரண்படும்போது விடைத்தாளில் எதற்கு மார்க் போடுவது என்பது.


நடுப்பக்கம் எழுதியது:

சொற்களைப் பட்டியலாகக் கொடுத்ததில்தான் பாதிச் சிக்கல். இந்த வகைப்பாடு சொல்லுக்கு ஒட்டியது கிடையாது, அந்த வாக்கியத்தில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறதோ அதற்கு ஒட்டியது. 'யூத்' ஒன்றே போதும். "ஹி ஸ்பென்ட் ஹிஸ் யூத் இன் மதுரை" என்றால் இளமைப் பருவம், அப்ஸ்ட்ராக்ட். "எ யூத் வாஸ் ஸ்டாண்டிங் அட் தி கேட்" என்றால் வாசலில் நிற்கும் பையன், கான்கிரீட். வாக்கியம் இல்லாமல் 'யூத்' எந்த வகை என்று கேட்டால் பிள்ளை எதைப் போட்டாலும் அதற்கு ஒரு நியாயம் இருக்கும். ஆகவே பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு வாக்கியங்களாகக் கொடுங்கள்.

முறை என்று கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அது நவுன்தானா என்பதை. மார்க் அதிகம் போவது இங்கேதான். "ஹி இஸ் ஹானஸ்ட்" என்ற வாக்கியத்தில் 'ஹானஸ்ட்' என்பதன் கீழே கோடு போட்டுவிட்டு வருவார்கள். பொருள் நேர்மை சம்பந்தப்பட்டதாக இருந்தாலும் சொல் அட்ஜெக்டிவ், நவுன் 'ஹானஸ்டி'. இன்னொரு பள்ளம், ஒரே வடிவத்தில் வெர்பாகவும் நவுனாகவும் வரும் சொற்கள்: லவ், ஹோப், ஃபியர், ஸ்லீப், நீட், டவுட். "ஐ ஹோப் யூ ஆர் வெல்" என்பதில் 'ஹோப்' வெர்ப். "தேர் இஸ் நோ ஹோப்" என்பதில் நவுன். முன்னால் என்ன நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எ, தி, மை, ஹிஸ், நோ, மச், அல்லது ஒரு அட்ஜெக்டிவ், அல்லது வித், ஆஃப் போன்ற ப்ரெபொசிஷன் நின்றால் பெரும்பாலும் நவுன்தான். 'வித் கிரேட் கேர்' என்பதில் 'கேர்' நவுன். "ஐ டோன்ட் கேர்" என்பதில் வெர்ப்.

அடுத்தது புலன். கண்ணும் கையும் மட்டும் கணக்கு என்று சொல்லித்தருவதால்தான் 'ஏர்' தப்பாகிறது. காற்று தோலில் படுகிறது, பலூனுக்குள் அடைகிறது, அதற்கு எடையும் உண்டு. 'ஸ்மெல்' மூக்குக்கு, 'தண்டர்' காதுக்கு. 'ஆக்சிஜன்', 'வைரஸ்', 'ஆட்டம்' எதுவும் வெறும் கண்ணுக்குச் சிக்காது, ஆனாலும் பருப்பொருள், அதனால் கான்கிரீட். "பார்க்க முடியுமா?" என்ற கேள்வியை மாற்றி, "இடத்தை அடைக்குமா, இல்லையென்றால் ஐந்து புலன்களில் ஒன்றில் நேராகப் படுமா?" என்று கேட்டுப் பழக்குங்கள்.

'நேராக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கோபம் தெரிகிறதே என்று ஒரு பிள்ளை கேட்கும். தெரிவது சிவந்த முகம், காதில் விழுவது உயர்ந்த குரல். அவை கோபத்தின் அடையாளங்கள். 'பாவர்ட்டி' கண்ணில் படுவதில்லை. ஒழுகும் கூரையும் கிழிந்த சட்டையும் படுகின்றன. 'பெயின்' விஷயமும் இதேதான். 'வூண்ட்', 'பிளட்' கான்கிரீட். வலி என்பது அனுபவிப்பவரின் நிலை. பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்க்கவோ தொடவோ வழியில்லை. 'ஹங்கர்', 'தேர்ஸ்ட்', 'டயர்ட்னெஸ்' எல்லாம் இதே வரிசை, அப்ஸ்ட்ராக்ட்.

இதற்குப் பிறகும் சந்தேகம் நின்றால், தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். 'பிரேவரி' என்றால் யாருடைய வீரம்? 'லெங்த்' என்றால் எதன் நீளம்? ஆளையும் பொருளையும் நீக்கிவிட்டால் வீரமும் நீளமும் நிற்க இடமில்லை. மேசைக்கால்கூட மேசையுடையதுதானே என்று எதிர்க்கேள்வி வரும். காலை அறுத்து மூலையில் சாத்தி வைக்கலாம், நீளத்தை மட்டும் கழற்றி வைக்க முடியாது என்பதே பதில்.

உங்கள் பட்டியலில் எளிதானவற்றுக்கு விடை: 'டைம்' அப்ஸ்ட்ராக்ட், 'க்ளாக்' கான்கிரீட். 'ஃபேமிலி' கலெக்டிவ் நவுன், ஆட்களின் கூட்டம் என்பதால் கான்கிரீட். 'மனி' நோட்டும் சில்லறையுமாகக் கையில் இருப்பதால் பள்ளி அளவில் கான்கிரீட்; 'வெல்த்' அப்ஸ்ட்ராக்ட். 'மண்டே' அப்ஸ்ட்ராக்ட், கூடவே ப்ராப்பர் நவுன். ப்ராப்பரா காமனா என்பது வேறு கேள்வி, ஒன்று இன்னொன்றைத் தடுக்காது. 'புத்திஸம்' என்பதும் அப்படியே. 'ஸ்கூல்' கட்டடமாக இருந்தால் கான்கிரீட். "ஸ்கூல் பிகின்ஸ் அட் நைன்" என்றால் வகுப்பு நடப்பதைச் சொல்கிறது, அப்போது அப்ஸ்ட்ராக்ட்.

'கோஸ்ட்' பற்றி ஆசிரியர்களிடையே சண்டையே நடக்கும். வழக்கமாகக் கொள்வது கான்கிரீட். 'டிராகன்', 'யூனிகார்ன்' எல்லாம் அப்படியே. அந்தப் பெயர் குறிப்பது ஓர் உரு. கதைக்குள் வந்தால் கண்ணுக்குத் தெரிந்து, கொலுசுச் சத்தமும் போடும். பேய் உண்டா இல்லையா என்ற வழக்கை இலக்கணம் விசாரிப்பதில்லை.


வால் பிடித்தவன் எழுதியது:

விகுதி பற்றி நான் சொல்கிறேன். ஒரு அட்ஜெக்டிவிலிருந்தோ வெர்பிலிருந்தோ நவுன் உண்டாக்க விகுதி கை கொடுக்கும். கையில் இருக்கும் நவுன் எந்த வகை என்று கண்டுபிடிக்க விகுதியை நம்பினால் காலை வாரிவிடும்.

இருப்பதில் ஓரளவு நம்பகமானது '-நெஸ்'. ஹேப்பினெஸ், வீக்னெஸ், டார்க்னெஸ் எல்லாம் அப்ஸ்ட்ராக்ட். அதிலும் 'விட்னெஸ்' பெரும்பாலும் ஆளைக் குறிக்கும், 'வில்டர்னெஸ்' இடத்தைக் குறிக்கும், 'ஹார்னெஸ்' குதிரைக்குப் பூட்டும் வார். '-ஹுட்' எடுத்தால் 'சைல்ட்ஹுட்' அப்ஸ்ட்ராக்ட், 'நெய்பர்ஹுட்' நீங்கள் நடந்து போகும் தெரு. '-ஷிப்' எடுத்தால் 'ஃப்ரெண்ட்ஷிப்' அப்ஸ்ட்ராக்ட், 'டவுன்ஷிப்' ஊர், 'பேட்டில்ஷிப்' நிஜமாகவே கப்பல். '-டம்' எடுத்தால் 'ஃப்ரீடம்', 'விஸ்டம்' சரி, 'கிங்டம்' ஒரு நிலப்பரப்பு.

மோசமானவை '-மென்ட்', '-ஷன்' இரண்டும். மூவ்மென்ட், ஜட்ஜ்மென்ட், எக்சைட்மென்ட் என்று பழகிய பிள்ளை, அதே கையோடு சிமென்ட், அபார்ட்மென்ட், பேவ்மென்ட், இன்ஸ்ட்ருமென்ட், ஆர்னமென்ட் எல்லாவற்றையும் அப்ஸ்ட்ராக்ட் பக்கம் தள்ளிவிடும். 'எஜுகேஷன்' பக்கத்தில் 'ஸ்டேஷன்', 'லோஷன்'. 'பேஷன்ஸ்' பக்கத்தில் 'ஆம்புலன்ஸ்', 'ஆடியன்ஸ்'. 'எபிலிட்டி' பக்கத்தில் 'யுனிவர்சிட்டி'. 'ஃபெய்லியர்' பக்கத்தில் 'ஃபர்னிச்சர்'. 'ட்ரூத்', 'ஹெல்த்' பக்கத்தில் 'டூத்', 'க்ளாத்'.

ஒரு சின்னச் சோதனை உண்டு: விகுதியை வெட்டிவிட்டு மிச்சம் ஒரு சொல்லாக நிற்கிறதா என்று பார்ப்பது. 'கைண்ட்னெஸ்' வெட்டினால் 'கைண்ட்' நிற்கும். 'சிமென்ட்' வெட்டினால் 'சி' என்று ஒன்றும் இல்லாமல் போகும், ஆக அங்கே விகுதியே கிடையாது. இது கொஞ்சம்தான் வடிகட்டும். 'பேவ்மென்ட்' வெட்டினால் 'பேவ்' என்ற வெர்ப் கிடைக்கிறது, ஆனாலும் நடைபாதை கல்லும் சிமென்டும்தான். செயலின் பெயர், செயலால் உண்டான பொருளுக்கே பெயராகிவிட்டால் கான்கிரீட் ஆகிவிடும். 'இன்வென்ஷன்', 'டெகரேஷன்', 'கலெக்ஷன்' இப்படி இரண்டு பக்கமும் போகும். "ஹி சோல்ட் ஹிஸ் ஸ்டாம்ப் கலெக்ஷன்" என்றால் ஆல்பம் கைமாறுகிறது. "தி கலெக்ஷன் ஆஃப் டாக்ஸஸ்" என்றால் வசூலிக்கும் செயல்.

விகுதியே இல்லாத அப்ஸ்ட்ராக்ட் நவுன்களைத் தனியாக ஒரு பத்து எழுதிப் போடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் தேடும்போது விட்டுவிடுவார்கள்: ஃபியர், லக், ஸ்கில், பீஸ், கிரீஃப், கிரைம், ஃபெய்த், ஐடியா, கில்ட், ஷேம்.

நவுன் உண்டாக்கும் கேள்வியில் தவறுவது எல்லாவற்றுக்கும் '-நெஸ்' போடுவதால். ப்ரவுட் என்றதும் 'ப்ரவுட்னெஸ்', பிரேவ் என்றதும் 'பிரேவ்னெஸ்', ஆங்ரி என்றதும் 'ஆங்ரினெஸ்'. வேண்டியவை ப்ரைட், பிரேவரி, ஆங்கர். உருவமே மாறுபவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை: புவர் – பாவர்ட்டி, வைஸ் – விஸ்டம், ஹம்பிள் – ஹ்யூமிலிட்டி, ஸ்ட்ராங் – ஸ்ட்ரெங்த், சூஸ் – சாய்ஸ், ஒபே – ஒபீடியன்ஸ், பிலீவ் – பிலீஃப், தீஃப் – தெஃப்ட், கவர்ட் – கவர்டிஸ், ஸ்லேவ் – ஸ்லேவரி, பில்கிரிம் – பில்கிரிமேஜ்.

எழுத்துக்கூட்டலில் நான்கு இடம் கவனம். 'ப்ரொனௌன்ஸ்' நவுனாகும்போது நடுவில் இருக்கும் 'ஓ, யூ'வில் 'ஓ' போய்விடும். 'ப்ரனன்சியேஷன்' என்று உச்சரிக்கப் பழக்கினால் எழுத்தும் தானாக வரும். 'மெயின்டெயின்' நவுனாகும்போது இரண்டாவது 'ஏ, ஐ' போய் அங்கே ஒரு 'ஈ' மட்டும் நிற்கும். 'ஆர்க்யூ' நவுனாகும்போது கடைசி 'ஈ' விழுந்துவிடும். 'ஹைட்' என்ற சொல்லின் முடிவு 'எச், டி'. 'லெங்த்', 'விட்த்' பழக்கத்தில் 'டி'க்குப் பிறகு இன்னொரு 'எச்' சேர்ப்பார்கள்.


எதிர்வரி எழுதியது:

நடுப்பக்கம் சொன்ன முறையோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் 'மியூசிக்', 'லாஃப்டர்', 'டார்க்னெஸ்' மூன்றையும் அவர் நைசாகத் தாண்டிவிட்டார். கைடுகள் முரண்படுவது அச்சுப்பிழையால் இல்லை. புழக்கத்தில் இரண்டு வரையறைகள் இருக்கின்றன.

ஒன்று புலன் வரையறை: ஐம்புலனுக்கு எட்டினால் கான்கிரீட். இன்னொன்று, இந்தியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்ட பழைய இலக்கண நூல்களின் வரையறை: ஒரு பொருளிலிருந்து பிரித்து நினைக்கப்படும் பண்பு, செயல், நிலை ஆகியவற்றின் பெயர் அப்ஸ்ட்ராக்ட். இந்த வரையறையில் புலன் என்ற பேச்சே கிடையாது. அதனால் வெண்மையும் இருட்டும் கண்ணுக்குத் தெரிந்தாலும் பண்புகள் என்ற கணக்கில் 'ஒயிட்னெஸ்', 'டார்க்னெஸ்' அப்ஸ்ட்ராக்ட். சிரிப்பு காதில் விழுந்தாலும் செயல் என்ற கணக்கில் 'லாஃப்டர்' அப்ஸ்ட்ராக்ட். 'தெஃப்ட்', 'மூவ்மென்ட்' அதே பெட்டி. 'ஸ்லீப்', 'சிக்னெஸ்', 'டெத்' நிலைகள்.

புலன் வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் 'லாஃப்டர்' ஒலி, கான்கிரீட். ஆக ஒரு கைடு ஒரு வரையறையைப் பிடித்திருக்கிறது, மற்றது மற்றதை. வேடிக்கை என்னவென்றால், பல கைடுகள் முதல் வரியில் புலன் வரையறையைப் போட்டுவிட்டு, எடுத்துக்காட்டுகளைப் பழைய நூலிலிருந்து அப்படியே எடுத்துவிடுகின்றன. ஒரே பக்கத்துக்குள்ளேயே அடிதடி.

'மியூசிக்' இன்னும் ஒரு சுற்று அதிகம். பழைய நூல்கள் கலைகள், அறிவியல் துறைகளின் பெயர்களையும் அப்ஸ்ட்ராக்ட் பெட்டியில் போடும்: கிராமர், கெமிஸ்ட்ரி, மியூசிக். "ஷி டீச்சஸ் மியூசிக்" என்றால் கலை, எந்த வரையறையிலும் அப்ஸ்ட்ராக்ட். "தி மியூசிக் ஃப்ரம் தி ஹால் இஸ் டூ லவுட்" என்றால் காதைப் பிளக்கும் ஒலி, கான்கிரீட்.

மார்க் விஷயம்: உங்கள் பாடநூல் எந்த வரையறையைத் தருகிறதோ அதுதான் நடுவர். விடைக்குறிப்பு எழுதும்போது அந்த ஒரு வரியை மேலே எழுதிவிட்டு அதன்படி மட்டும் போடுங்கள். வினாத்தாள் நீங்களே தயாரிப்பதாக இருந்தால் லாஃப்டர், சவுண்ட், லைட், ஹீட், கலர், ஷேடோ போன்றவற்றை ஒரு மார்க் கேள்வியில் வைக்காதீர்கள். வகுப்பில் விவாதிக்க அவை அருமையானவை. சரி, தவறு போட உதவாதவை.


சாக்பீஸ் தூள் எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு வரையறை விஷயம் பெரிய முடிச்சை அவிழ்த்தது. மிச்சம் இரண்டு. 'பெயின்டிங்' மாதிரி '-இங்' சொற்களை எப்படிப் பார்ப்பது? அப்புறம், "அப்ஸ்ட்ராக்ட் நவுனுக்குப் ப்ளூரல் கிடையாது, 'தி' வராது" என்று ஒரு விதி சொல்கிறார்களே, அது சரிதானா?


கோடிட்ட இடம் எழுதியது:

அந்த விதி தவறு. கான்கிரீட், அப்ஸ்ட்ராக்ட் என்பது பொருளைப் பற்றிய பிரிவு. எண்ண முடியுமா முடியாதா என்பது வாக்கியத்தில் சொல் நடந்துகொள்ளும் விதம் பற்றிய பிரிவு. இரண்டையும் குறுக்கே வைத்தால் நான்கு கட்டம் வரும், நான்கிலும் ஆட்கள் உண்டு. 'சேர்' கான்கிரீட், எண்ணலாம். 'ரைஸ்', 'ஃபர்னிச்சர்' கான்கிரீட், எண்ண முடியாது. 'ஐடியா', 'மிஸ்டேக்', 'ரீசன்', 'ப்ராப்ளம்' அப்ஸ்ட்ராக்ட், தாராளமாக எண்ணலாம். 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ப்ராக்ரஸ்', 'லக்' அப்ஸ்ட்ராக்ட், எண்ண முடியாது.

நம் பிள்ளைகள் 'அட்வைசஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதுவதற்குக் காரணம் தெளிவு: தமிழில் அறிவுரைகள், தகவல்கள் என்று கூச்சமில்லாமல் பன்மை போடுகிறோம். ஆங்கிலத்தில் எண்ண வேண்டுமென்றால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்', 'எ ஸ்ட்ரோக் ஆஃப் லக்'. 'எ நியூஸ்' என்பதும் தவறு. 'எ பீஸ் ஆஃப் நியூஸ்'. கடைசியில் 'எஸ்' இருந்தாலும் அது ஒருமை: "தி நியூஸ் இஸ் குட்".

சில சொற்கள் இரண்டு கட்டத்திலும் உட்காரும், பொருள் மாறும். "ஷி ஹேஸ் டென் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்" என்றால் பணி அனுபவம், எண்ண முடியாது. "ஸ்ட்ரேஞ்ச் எக்ஸ்பீரியன்சஸ்" என்றால் தனித்தனியாக நடந்த சம்பவங்கள். 'கைண்ட்னெஸ்' குணம், "ஹி டிட் மீ எ கைண்ட்னெஸ்" என்றால் ஓர் உதவி. 'நாலெட்ஜ்' ப்ளூரல் ஏற்காது, ஆனால் 'எ குட் நாலெட்ஜ் ஆஃப் தமிழ்' என்று முன்னால் 'எ' ஏற்கும்.

'தி' பற்றி: பொதுவாகப் பேசும்போது போடக்கூடாது. "லைஃப் இஸ் ஷார்ட்", "ஹானஸ்டி இஸ் தி பெஸ்ட் பாலிசி" சரி. "தி லைஃப் இஸ் ஷார்ட்" தவறு. இன்னாருடையது என்று எல்லை கட்டினால் 'தி' வரும்: "தி லைஃப் ஆஃப் எ ஃபிஷர்மேன் இஸ் ஹார்ட்", "தி ஹானஸ்டி ஆஃப் தட் பாய் சர்ப்ரைஸ்ட் எவ்ரிஒன்". இதைக் கேட்டுவிட்டு 'ஆஃப்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'தி' போடுவார்கள், அதுவும் ஆகாது. 'ஃப்ரீடம் ஆஃப் ஸ்பீச்', 'லவ் ஆஃப் மனி' இரண்டும் பொதுக்கருத்தாக வரும்போது 'தி' இல்லாமலே நிற்கும். அந்த 'ஆஃப்' என்ன வகை என்று சொல்கிறதா, யாருடையது என்று சுட்டுகிறதா என்பதே வித்தியாசம்.

இனி '-இங்'. மூன்று வேலை பார்க்கும். "ஹி இஸ் பெயின்டிங் தி வால்" என்பதில் வெர்ப், நம் கணக்கிலேயே வராது. "பெயின்டிங் ரிலாக்ஸஸ் ஹிம்" என்பதில் செயலின் பெயர், அப்ஸ்ட்ராக்ட். "தி பெயின்டிங் ஃபெல் ஆஃப் தி வால்" என்பதில் சட்டம் போட்ட படம், கான்கிரீட். 'பில்டிங்' அதே கதை. "தி பில்டிங் ஆஃப் மேட்டூர் டேம் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1934" என்றால் கட்டும் பணி, அப்ஸ்ட்ராக்ட். "தி பில்டிங் ஹேஸ் சிக்ஸ் ஃப்ளோர்ஸ்" என்றால் மாடிக் கட்டடம். 'டிராயிங்', 'ரைட்டிங்', 'ட்வெல்லிங்' இவற்றையும் இப்படியே பிரிக்கலாம்.

வெர்பா நவுனா என்று குழம்பினால் 'இட்' போட்டுப் பார்க்கலாம். "ஸ்விம்மிங் இஸ் குட்" என்பதை "இட் இஸ் குட்" என்று மாற்ற முடிகிறது, எனவே நவுன். "ஹி இஸ் ஸ்விம்மிங்" என்பதில் அந்த இடத்தில் 'இட்' வைத்தால் நீந்துவது என்ற பொருளே போய்விடும். ப்ளூரல் சோதனையை இங்கே நம்பாதீர்கள்: 'பில்டிங்ஸ்', 'பெயின்டிங்ஸ்' கான்கிரீட்தான், ஆனால் 'ஃபீலிங்ஸ்', 'மீட்டிங்ஸ்' ப்ளூரலாக இருந்தும் அப்ஸ்ட்ராக்ட்.


பெயரெச்சம் எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. தமிழ் வகுப்பில் பெயர்ச்சொல்லின் ஆறு வகையை ஏற்கெனவே படித்த பிள்ளைகள் என்றால் அதையே ஏணியாகப் பயன்படுத்தலாம். பண்புப்பெயரும் தொழிற்பெயரும் பெரும்பாலும் அப்ஸ்ட்ராக்ட் பக்கம் வரும்: நன்மை, பொறுமை, ஓட்டம், படித்தல். எதிர்வரி சொன்ன 'பண்பு, செயல்' என்பதற்கு இது கிட்டத்தட்ட நேர். இடப்பெயரும் சினைப்பெயரும் கான்கிரீட்.

ஏணி இரண்டு இடத்தில் ஆடும். காலப்பெயர் தமிழில் தனி வகை. ஆங்கிலத்தில் டே, மன்த், சம்மர் எல்லாம் அப்ஸ்ட்ராக்டில் சேர்ந்துவிடும். வட்டம், சதுரம் நமக்கு வடிவத்தைச் சொல்லும் பண்புப்பெயர். ஆங்கிலப் பயிற்சியில் தாளில் வரைந்த 'சர்க்கிள்' கான்கிரீட் என்றே வரும், 'ரவுண்ட்னெஸ்' அப்ஸ்ட்ராக்ட். ஆகவே "பண்பு, தொழில், காலம் மூன்றும் அங்கே" என்று சொல்லிவிட்டு, வடிவத்தை மட்டும் வாக்கியத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.


நடுப்பக்கம் எழுதியது:

எதிர்வரி சொன்னது நியாயம். அவர் சொன்ன நடுப்பகுதிச் சொற்களைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். உளவியல் ஆய்வாளர் மார்க் பிரைஸ்பர்ட்டும் இன்னும் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 40,000 ஆங்கிலச் சொற்களை 4,000க்கும் மேற்பட்டவர்களிடம் கொடுத்து, 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொன்னார்கள். 1 என்றால் முழு அப்ஸ்ட்ராக்ட், 5 என்றால் முழு கான்கிரீட். இரண்டே பெட்டி என்று இல்லாமல் அளவுகோலாக வைத்ததுதான் அதில் கவனிக்க வேண்டியது. பள்ளி வினாத்தாள் இரண்டு பெட்டிதான் கேட்கும், சரி. ஆனால் பாடம் எடுக்கும் வரிசையை இந்த அளவுகோலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: முதல் வகுப்பில் இரண்டு ஓரத்துச் சொற்கள் மட்டும், அதாவது 'பிரிக்', 'ஸ்பூன்' ஒரு பக்கம், 'ஜஸ்டிஸ்', 'பேஷன்ஸ்' மறுபக்கம். அடுத்து, ஒரே சொல் இரண்டு வாக்கியங்களில். நடுப்பகுதிச் சொற்கள் கடைசியில். உங்கள் பயிற்சித்தாள் நடுப்பகுதியைத் தூக்கி முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறது.

இரண்டாம் கட்டத்துக்கு உடனே பயன்படுத்த ஜோடிகள் தருகிறேன். ஒவ்வொன்றிலும் முதல் வாக்கியம் அப்ஸ்ட்ராக்ட், இரண்டாவது கான்கிரீட்.

"வீ வான்ட் ஜஸ்டிஸ்" – "தி ஜஸ்டிஸ் என்டர்ட் தி கோர்ட்". இரண்டாவது, நீதிபதி நடந்து வருகிறார்.

"பியூட்டி ஃபேட்ஸ்" – "தட் ஓல்ட் கார் இஸ் எ பியூட்டி". காரையே பியூட்டி என்கிறது.

"ஹி கேம் டு பவர் யங்" – "தி கிரேட் பவர்ஸ் சைன்ட் தி ட்ரீட்டி". இரண்டாவதில் நாடுகள். நாடு என்பதை அரசாகப் பார்ப்பதா நிலமாகப் பார்ப்பதா என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். அதனால் இந்த ஜோடி வகுப்புக்கு மட்டும், பரீட்சைக்கு வேண்டாம்.

"ஷி காட் தி ஜாப் த்ரூ ஹார்ட் ஒர்க்" – "தி மியூசியம் பாட் த்ரீ ஆஃப் ஹிஸ் ஒர்க்ஸ்". மியூசியம் வாங்கியது சிற்பமோ ஓவியமோ.

"ஹிஸ் சைட் இஸ் வீக்" – "வீ சா ஆல் தி சைட்ஸ் ஆஃப் டெல்லி". பார்வை என்ற திறன் ஒன்று, பார்த்த இடங்கள் மற்றது.

விடையோடு ஒரு சொல் காரணமும் எழுதச் சொல்லுங்கள்: பண்பு, செயல், நிலை, காலம், பொருள், ஆள், இடம் என்று ஏதாவது ஒன்று. விடைக்கு அரை மார்க், காரணத்துக்கு அரை மார்க். 'லாஃப்டர்' மாதிரி ஒன்று தப்பித் தவறி வினாத்தாளில் நுழைந்துவிட்டாலும், "செயல், அதனால் அப்ஸ்ட்ராக்ட்" என்று எழுதியவருக்கும் "ஒலி, காதில் விழும், அதனால் கான்கிரீட்" என்று எழுதியவருக்கும் எப்படி மார்க் போடுவது என்று திண்டாட வேண்டியிருக்காது.